நீதிபதி பார்த்த நான்கு முளைகள்

எங்கள் நீதிபதிக்கு அறுபது வயது முடியப் போகிறது என்று எனக்குச் சொன்னவர் என் எதிராளி. எதிராளி என்றால் என் பெரியப்பா மகன்தான். எனக்கு அண்ணன் முறை. அடுத்தடுத்த வீடு. வழக்கு நடந்த ஏழு வருஷமும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு ஏதாவது நல்ல சேதி கிடைத்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

அன்றைக்கு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, கடைக்காரரிடம் சொல்வதைப் போலச் சொன்னார். "நம்ம ஜட்ஜு மே மாசத்தோட பொட்டியக் கட்டுறாராம். புதுசா ஒருத்தர் வந்து கேஸ் கட்டப் பிரிச்சி, ஒண்ணுலேருந்து கேக்கணும். அதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்."

அவருக்கு அப்போது பேரனே பிறக்கவில்லை. கடைக்காரர் சிரித்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம். எழுந்து நின்று பாடம் சொல்ல வேண்டியிருந்தது மீதிக் காரணம்.

வழக்கு ஒரு துண்டு மணலைப் பற்றியது. எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் பதினோரு அடி அகலத்தில் கடலைப் பார்த்துக் கிடக்கிற இடம். அதில்தான் என் மனைவி கருவாடு காயப் போடுவாள். நான் காரைக்கால் விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போகிறவன். ஏப்ரல் பாதியிலிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அவள் கருவாட்டால்தான் எரிந்தது. நெத்திலியும் காரப்பொடி மீனும் காய வெயில் மட்டும் போதாது, காற்று வேண்டும். அந்த இடத்தில் சுவர் எழும்பிவிட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

அந்த இடம் எங்களுடையது என்று ஊர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அப்பா இருந்தபோது இரண்டு வீட்டுக்கும் தகராறு வந்து, ஊர்க் கூட்டத்தில் நாட்டார் விசாரித்தார். நாட்டார் என்பவர் எங்கள் மீனவ ஊரின் தலைவர். சண்டை சச்சரவுகளை அவர்தான் தீர்த்துவைப்பார். எங்கள் ஊரில் தீர்ப்பை எழுதுவதில்லை. இடத் தகராறு என்றால், யாருக்கு இடம் என்று சொன்னாரோ அவர் கையில் சவுக்கு மர முளைகளைக் கொடுத்து, ஊர் முன்னால் நான்கு மூலையிலும் அடிக்கச் சொல்வார். அவ்வளவுதான் பத்திரம். என் அப்பா அடித்தார், நான் முளையைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பாவும் அங்கேதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து, அப்பாவும் பெரியப்பாவும் போன பிறகு, அண்ணன் அந்த இடத்தில் வேலி போட்டார். நான் நாட்டாரிடம் போனேன். அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். எங்கள் நாட்டாருக்கு வயது வரம்பெல்லாம் இல்லை. ஒருமுறை ஏற்றுக்கொண்டால் சாகும்வரை அவர்தான். அவர் ஊர்க் கூட்டத்தைக் கூட்டி, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. முளை அடித்த அன்று அங்கே நின்ற ஆட்களில் ஆறேழு பேர் உயிரோடு இருந்தார்கள், கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் மறந்துவிட்டார் என்று அவர் முகத்துக்கு முன்னால் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் வாய் எப்போதும் போல மூடியிருந்தது. அன்று நான் எழுந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம்.

ஊரை மீறிக் கோர்ட்டுக்குப் போனதற்காக ஆறு மாதம் எங்கள் வீட்டோடு யாரும் பேசவில்லை. நல்லது கெட்டதுக்குச் சொல்லவில்லை. என் மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவரோடு இருந்து பேச்சில்லாமல் இருக்க எனக்குப் பழகிவிட்டது என்று அவள் தங்கையிடம் சொன்னாளாம்.

கோர்ட்டில் இடைக்கால உத்தரவு கிடைத்து வேலி நீங்கியது. பிறகு வருஷக்கணக்காக வாய்தா. மூன்று நீதிபதிகள் மாறினார்கள். நான்காவதாக வந்தவர்தான் இந்த நீதிபதி. ஒல்லியான மனிதர், சோடா பாட்டில் கண்ணாடி, மெதுவான குரல். என்னைக் கூண்டில் ஏற்றியபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர் வக்கீல் என்னை விரட்டினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவசரமில்லை, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். நாட்டாரும் அண்ணன் பக்கத்துச் சாட்சியாக வந்தார். நீதிபதி அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். வயது கேட்டபோது நாட்டார், கடலில் கப்பல் எரிந்த வருஷம் பிறந்தேன் என்றார். எந்தக் கப்பல் என்று கேட்டதற்கு அதுவும் மறந்துவிட்டது என்றார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நானும்தான்.

அதற்கு அடுத்த மாதம் அவரே இடத்தைப் பார்க்க வந்தார். நீதிபதி இடம் பார்க்க வருவது எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாதது. ஊரே கூடிவிட்டது. செருப்பைக் கழற்றி எங்கள் வாசலோரம் விட்டுவிட்டு, வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தார். இது உங்கள் இடம் என்பதற்கு இங்கே என்ன அடையாளம் என்று கேட்டார். நான் வக்கீலைப் பார்த்தேன், வக்கீல் என்னைப் பார்த்தார். என் மனைவி முன்னால் வந்து, "தோண்டிப் பாருங்க ஐயா, தெரியும்" என்றாள்.

முளைகளின் தலை உப்புக்காற்றில் எப்போதோ உளுத்து விழுந்துவிட்டது. அடிக்கட்டை மணலுக்குள் இருந்தது. எனக்கே அது தோன்றவில்லை. அவள் தினமும் அந்த மணலில் புழங்குகிறவள், முளை நின்ற இடங்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் முதல் கட்டை வந்தது. பிறகு நான் தோண்டினேன். நான்கு மூலையிலும் நான்கு. நீதிபதி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தார். சவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து அளந்தார். எங்கள் எதிரில் எதையும் எழுதவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் நான் கடலிலிருந்து திரும்பியபோது நான்கு குழியும் மூடி, மணல் நிரவிக் கிடந்தது. கட்டைகள் இல்லை. யார் பிடுங்கியது என்று நான் பார்க்கவில்லை, அதனால் யாரையும் சொல்லமாட்டேன்.

அதனால்தான் அண்ணன் டீக்கடையில் சொன்னதைக் கேட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். கட்டையைப் பார்த்தவர்களில் அதை வாய்திறந்து சொல்லக்கூடியவர் இந்த நீதிபதி ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போனால் அவர் பார்த்ததும் அவரோடு போய்விடும். நாட்டாரின் தீர்ப்பு நாட்டாரின் தலைக்குள் இருந்து, தலை மறந்ததும் இல்லாமல் போனது. அதையே பார்த்து வளர்ந்தவன் நான். வேறு மாதிரி எனக்கு நினைக்கத் தெரியவில்லை. இவர் வாயாலேயே தீர்ப்பை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மே மாதம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலி கணக்கைத் திருத்தினார். நீதிபதி பிறந்தது மே ஒன்றாம் தேதி. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு முந்தின நாளோடு வேலை முடிந்துவிடுமாம், அதாவது ஏப்ரல் முப்பது. போதாததற்கு மே மாதம் முழுக்க கோர்ட்டுக்கு விடுமுறை. "பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் தேதிய அவரா போட்டுக்கிட்டாராம்" என்றார் டவாலி. "ஐயாவே சொல்லிச் சிரிப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் வந்தது. எங்கள் படகை ஓட்டும் டிரைவருக்கு அறுபத்திரண்டு வயது. நட்சத்திரத்தைப் பார்த்தே துறைக்கு வழி சொல்வார். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த நீதிபதிக்கு வழக்கின் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். போன வருஷம் நான் தடுமாறிச் சொன்னதை இந்த வருஷம் எடுத்துச் சொல்வார். அவரைப் போகச் சொல்கிறார்கள். எல்லாம் மறந்த நாட்டாரை இருக்கச் சொல்கிறார்கள். இதில் யாருக்குப் புத்தி கெட்டது என்று படகில் வலை இழுக்கும்போதெல்லாம் எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன்.

எதிர் வக்கீல் எங்கள் நிலைமையை எங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்து வாதம் முடிந்துவிட்டது, அவர் பேசினால் போதும். ஏப்ரல் முதல் வாரம் காய்ச்சல் என்றார். அடுத்த வாய்தாவில் சொந்தக்காரர் கல்யாணம் என்றார். தடைக்காலம் தொடங்கியதும் நான் தினமும் கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வழக்கு இல்லாத நாளிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று என் மனைவி கேட்டாள். பேசுவதற்குப் பழகிக்கொள்ள என்றேன். அங்கே உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேச்சு வரும் என்றாள். பயம் கொஞ்சம் போகும் என்றேன். அவள் மேலே கேட்காமல் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

இருபத்து நான்காம் தேதி வழக்கு வந்தது. என் வக்கீல் அம்பகரத்தூர்க்காரர். அன்று நாகப்பட்டினம் கோர்ட்டில் வேறு வழக்கு, பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பத்தே முக்காலுக்கே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிர் வக்கீல் எழுந்து, சில ஆவணங்கள் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது, ஜூன் மாதத்தில் ஒரு தேதி கொடுங்கள் என்றார். நீதிபதி நாட்குறிப்பைப் புரட்டினார். என் பக்கத்து நாற்காலி காலி.

நான் எழுந்து நின்றேன். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. டவாலி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, என்ன என்று கேட்டார்.

"ஐயா, ஜூன்ல நீங்க இருக்க மாட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். எதிர் வக்கீல், கட்சிக்காரர் நேரடியாகப் பேசக்கூடாது என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"முளைய நீங்கதான் பாத்தீங்க. தொட்டுப் பாத்தீங்க. இப்ப அங்க ஒண்ணும் இல்லைங்க, புடுங்கிட்டாங்க. நீங்களும் போயிட்டா, அது அங்க இருந்ததா சொல்ல ஆளே இல்லைங்க. நீங்க மறக்கறதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடுங்க ஐயா."

மறக்கறதுக்குள்ள என்று சொன்னது தப்பு என்று பேசிய பிறகுதான் உறைத்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

நீதிபதி கோபப்படவில்லை. குமாஸ்தாவிடம் எங்கள் வழக்குக் கட்டைக் கேட்டு வாங்கி, நூல் கயிற்றை அவிழ்த்து, நடுவில் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவர் இடம் பார்த்து வந்த அன்று சாயந்தரமே எழுதிக் கையெழுத்துப் போட்டது அது. எத்தனை கட்டை, எந்த மரம், எவ்வளவு ஆழம், ஒன்றுக்கொன்று எத்தனை அடி, எல்லாம் இருந்தது. என் மனைவி கையால் தோண்டியதுகூட இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"நான் பாத்தத என் தலையில வச்சிக்கல. இதுல வச்சிருக்கேன். நான் நாளைக்கே செத்துப்போனாலும் இது இங்கதான் இருக்கும். உங்க ஊர்ல எழுத மாட்டீங்களா?"

"இல்லைங்க. நாட்டாரு ஞாபகம்தாங்க."

"அதான் இவ்வளவு பயப்படுறீங்க" என்றார். பிறகு எதிர் வக்கீல் பக்கம் திரும்பினார். மறுநாள் இரண்டரை மணிக்கு வாதம், இல்லையென்றால் எழுத்தில் கொடுக்கலாம், இரண்டும் இல்லையென்றால் இல்லாமலே தீர்ப்பு எழுதுவேன் என்றார். என் வக்கீல் அப்போதுதான் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நடந்தது தெரியாமல் என்னைப் பார்த்து உட்கார் என்று ஜாடை காட்டினார்.

எதிர் வக்கீல் மறுநாள் பேசினார். நன்றாகவே பேசினார். முப்பதாம் தேதி பிற்பகல் தீர்ப்பு என்று வைத்தார்கள்.

அன்று காலை நானும் என் மனைவியும் சேர்ந்து போனோம். அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். போனதும் கோர்ட் வெறிச்சோடிக் கிடந்தது. மூத்த வக்கீல் ஒருவர் விடியற்காலை இறந்துவிட்டாராம். இரங்கல் கூட்டம் முடிந்து வக்கீல்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வக்கீலும் இல்லை, அண்ணனின் வக்கீலும் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாமல் தீர்ப்பை வாசிக்கமாட்டேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார் என்று டவாலி வந்து சொன்னார்.

நாங்கள் போகவில்லை. சாயந்தரம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு ஊழியர்கள் ஒரு மாலை போட்டு நீதிபதியை வாசல் வரை கூட்டிவந்தார்கள். ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், இன்னொரு கையில் குடை. எங்களைப் பார்த்ததும் நின்றார். நான் கும்பிட்டேன், வழக்கம் போல வாய் வரவில்லை. என் மனைவிதான் கேட்டாள்: "எழுதிட்டீங்களா ஐயா?"

"எழுதியாச்சும்மா. கையெழுத்தும் போட்டாச்சு. வர்றவங்க வாசிப்பாங்க, அவங்க வாசிச்சாப் போதும்" என்றார். என்ன எழுதினார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று எங்களுக்கே தெரிந்தது.

அண்ணன் அப்படி நினைக்கவில்லை. ஜட்ஜு போனார், வழக்கும் போனது என்று அவர் எண்ணம். மே மாதம் பத்துத் தேதிக்கெல்லாம் ஒரு வண்டி செங்கல் வந்து அந்த மணலில் இறங்கியது. நான் போய்ச் செங்கலுக்கு முன்னால் நின்றேன். கொத்தனார்கள் இரண்டு பேர், அண்ணன், அவர் மச்சான். முன்பென்றால் என் மனைவி பேசட்டும் என்று ஒதுங்கியிருப்பேன். கோர்ட்டில் ஒருமுறை வாயைத் திறந்தவனுக்கு இரண்டாவது முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அண்ணே, தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ள இருக்கு" என்றேன். "ஒங்களுக்குன்னு எழுதியிருந்தா நானே கல்லு தூக்கித் தர்றேன். வாசிக்கிற வரைக்கும் ஒரு கல்லு வைக்க விடமாட்டேன்."

"போனவரு எழுதினத வர்றவரு எப்படிடா வாசிப்பாரு?" என்றார் அண்ணன்.

"எழுதினா யாரு வேணும்னாலும் வாசிக்கலாம்ண்ணே."

கொத்தனார்களில் பெரியவர் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கோர்ட் விவகாரம் என்றால் எங்களுக்கு வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். செங்கல் அங்கேயே கிடந்தது. என் மனைவி அதன்மேல் ஓலைப்பாயை விரித்து நெத்திலியைக் காயப் போட்டாள். செங்கல் சூட்டில் சீக்கிரம் காய்கிறது என்று அண்ணிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

ஜூனில் கோர்ட்டுக்குப் புது ஆள் வரவில்லை. ஜூலையிலும் இல்லை. தடைக்காலம் முடிந்து நான் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். கரைக்கு வந்த மறுநாள் முதல் வேலையாகக் கோர்ட்டுக்குப் போய் டவாலியைக் கேட்பேன். ஆகஸ்டில் புது நீதிபதி வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு பெண். வந்த இரண்டாவது வாரம் எங்களைக் கூப்பிட்டார். முந்தைய நீதிபதி எழுதிக் கையெழுத்திட்டு வாசிக்காமல் விட்ட தீர்ப்பை, சட்டப்படி தான் வாசிப்பதாகச் சொல்லிவிட்டு வாசித்தார். இருபது பக்கம். நாட்டாரின் சாட்சியம் வந்த இடத்தில், சாட்சி நேர்மையானவர், வயது காரணமாக அவரது ஞாபகத்தை மட்டும் நம்ப முடியவில்லை என்று இருந்தது. முளைகள் வந்த இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தி, எங்களைப் பார்த்தார். அவர் அந்த மணலை மிதித்ததில்லை. ஆனாலும் கட்டைகள் அவருக்குத் தெரிந்தன என்று எனக்குப் பட்டது.

இடம் எங்களுடையது என்று ஆனது. அண்ணன் மேல்முறையீடு செய்யவில்லை. அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுப் பின்பக்கம் குளியலறை கட்டிக்கொண்டார்.

அறுபது வயதானதும் நீதிபதியைப் போகச் சொல்வதில் எனக்கிருந்த ஆத்திரம் அன்றோடு போய்விட்டது. நல்ல மனிதர், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். ஆனால் போகும் நாள் தெரிந்திருந்ததால்தான் அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்தாரோ என்றும் தோன்றும். எங்கள் நாட்டாருக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

அந்த மாத ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் பேசி முடித்ததும் எழுந்தேன். இரண்டு கேட்டேன்: சொல்லுகிற தீர்ப்பை நோட்டில் எழுத வேண்டும், நாட்டாருக்கு ஒரு வயது வைக்க வேண்டும். கூட்டம் கொந்தளித்தது. கோர்ட்டுக்குப் போய் வந்ததில் கொம்பு முளைத்துவிட்டது என்றார் ஒருவர். நாட்டார் என்ன கவர்மெண்டு ஆபீசரா, பென்ஷன் யார் கொடுப்பது என்றார் இன்னொருவர். நான் உட்காரவில்லை.

அப்போது நாட்டாரே பேசினார். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நான் சொன்னதைப் பக்கத்து ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"எனக்கும் போவணும்னுதான் இருக்கு" என்றார். "யாரு விடுறா? நானா கேட்டா ஊரு தப்பா நெனைக்கும்னு இருந்தேன். அவன் கேட்டுட்டான்."

அவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் மெதுவாக வீட்டைப் பார்த்து நடந்தார். அன்று எதுவும் முடிவாகவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் நான் போனேன். நோட்டும் பேனாவும் கடையில் வாங்கி, கையோடு கொண்டுபோனேன்.